செய்தி செல்லும் வழிகள்

நாடுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரசர்களின் ஆண்டுகளையும் போர்களின் ஆண்டுகளையும் எண்ணிச் செல்வர். வழிகளின் வரலாற்றை எழுதுவோர் சிலரே. ஆயினும் ஓர் ஊருக்கு வழி திறந்த நாளும், அவ்வழி அடைபட்ட நாளும், எந்த முடிசூட்டு விழாவைக் காட்டிலும் அவ்வூர் மக்களின் வாழ்வை மாற்றியிருக்கின்றன. இன்றைய பேச்சில் அத்தகைய ஒரு வழியின் வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் வழியே அது. அதனைக் கணினி வலையமைப்பு என்றும், உலகு தழுவிய அதன் பெருவடிவத்தை இணையம் என்றும் வழங்குகிறோம். நான் கலைப் பட்டதாரி, விஞ்ஞானம் கற்பித்தவனல்லன். ஆதலால் வரலாற்று மாணவன் ஒருவன் இதனை எவ்வாறு விளங்கிக்கொண்டானோ அவ்வாறே கூறுவேன். வன்னி மண்ணில் வளர்ந்தவனாதலின் எனக்கு வாய்த்த உவமைகளும் அம்மண்ணைச் சார்ந்தவையே.

முதலில் 1990ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் உலகக் கணினி வலையமைப்பில் இலங்கைக்குரிய பெயர்க்குறியாகிய 'எல்கே' பதிவு செய்யப்பட்டது. அதே ஆண்டில், பேராசிரியர் அபய இந்துருவ முதலியோரின் முயற்சியால், 'லேர்ன்' எனப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் மின்னஞ்சற் சேவை தொடங்கிற்று. அவ்வாண்டின் இறுதியில் ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பேர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர் உலகின் முதலாவது வலைத்தளத்தை இயக்கிக் காட்டினார்.

வன்னியில் அவ்வாண்டு வேறு விதமாகக் கழிந்தது. ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. 1905ஆம் ஆண்டு முதல் காங்கேசன்துறை வரை ஓடிய புகையிரதம் வவுனியாவோடு நின்றது. தொலைபேசி வடங்கள் செயலிழந்தன. மின்சாரமும் நின்றது. கண்டி வீதி என்று நாங்கள் வழங்கும் ஏ-9 பெருந்தெரு அடைபட்டது. உலகம் செய்தியால் ஒன்றுபடத் தொடங்கிய அதே ஆண்டில் வன்னி பெருநிலம் செய்தியினின்றும் துண்டிக்கப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால், ஒரு வலையமைப்பு எதனால் நிலைக்கிறது, எதனால் அறுகிறது என்பது நன்கு புலனாகும்.

அக்காலத்தில் நான் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக மாணவனாயிருந்தேன். வீடு கிளிநொச்சிக்குத் தெற்கே ஒரு குளத்தடி ஊரில் இருந்தது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தது. மக்கள் சங்குப்பிட்டித் துறையை நாடினர்; கொம்படி, ஊரியான் வழியாகச் சேற்றிலும் நீரிலும் நடந்தனர்; பின்னர் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறிக் கடந்தனர். அவ்வழியில் உயிரிழந்தோர் பலர். என் தாயார் யாழ்ப்பாணம் புறப்படும் அயலவர் எவரையேனும் கண்டு, அவர் கையில் எனக்குக் கடிதம் கொடுத்துவிடுவார். ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே கற்ற அவர் ஒரு வழக்கத்தை மேற்கொண்டிருந்தார். ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் ஒன்று, இரண்டு, மூன்று என எண் இடுவார்.

1993ஆம் ஆண்டில் ஒருமுறை மூன்றாம் கடிதத்தின் பின் ஐந்தாம் கடிதம் வந்து சேர்ந்தது. அதில், 'அந்தியேட்டிக்கு வர எண்ணிக் கிளாலியில் ஏறிவிடாதே. இங்கே எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்' என்று எழுதியிருந்தார். யாருடைய அந்தியேட்டி என்பது அதில் இல்லை. அது நாலாம் கடிதத்தில் இருந்தது. நாலாம் கடிதமோ வரவில்லை. அது வரவில்லை என்று எழுதி, தெற்கே செல்லும் ஒருவரிடம் கொடுத்தேன். மூன்று வாரங்களின் பின்னர், தாயார் மீண்டும் எழுதிய நாலாம் கடிதம் கிடைத்தது. இறந்தவர் என் பாட்டனார். அந்த மூன்று வாரங்களிலும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் மனத்தினால் இழந்து மீண்டேன்.

இதனை ஈண்டுக் கூறுவது இரக்கம் வேண்டியன்று. பல ஆண்டுகளின் பின்னர் கணினி வலையமைப்பைப் பற்றிக் கற்கப் புகுந்தபோது, என் தாயார் கையாண்ட முறையே அதன் உயிர்நாடி என்பதைக் கண்டேன். அது எவ்வாறு என்று ஆராய்வோம். அதற்கு முதலில் தொலைபேசியை நினைவுகூர்தல் வேண்டும்.

பழைய தொலைபேசி முறையில் இருவர் பேசத் தொடங்கினால், அவர்களிடையே ஒரு தனிவழி ஒதுக்கப்படும். அவர்கள் பேசினாலும் மௌனமாயிருந்தாலும் அவ்வழி அவர்களுக்கே உரியது. இடையே ஓரிடத்தில் வடம் அறுந்தால் பேச்சும் அறும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலுள்ள ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த போல் பாரன் என்பவர், பகைவரின் தாக்குதலில் நிலையங்கள் பல அழிந்தாலும் அழியாத செய்தித் தொடர்பு இயலுமா என்று ஆராய்ந்தார். 1964இல் வெளியான அவருடைய ஆய்வு வியப்பான ஒரு முடிவைத் தந்தது. எல்லா நிலையங்களும் ஒரு தலைமை நிலையத்தைச் சார்ந்திருக்குமாயின், தலைமை நிலையம் வீழ்ந்தவுடன் யாவும் வீழும். ஒவ்வொரு நிலையமும் அயலிலுள்ள மூன்று அல்லது நான்கு நிலையங்களோடு பிணைந்திருக்குமாயின், பல நிலையங்கள் அழிந்த பின்னும் எஞ்சியவை தம்முட் செய்தி பரிமாற இயலும்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1965இல், பிரித்தானியத் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டொனால்ட் டேவிஸ் என்பவரும் தனியே சிந்தித்து அதே முறையைக் கண்டார். நீண்ட செய்தியைச் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே அனுப்புதலே அம்முறை. அத்துண்டுக்குப் 'பொதி' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டவர் டேவிஸ் ஆவார்.

பொதி என்பது யாது? முல்லைத்தீவிலுள்ள ஓர் ஆசிரியர், நாற்பது பக்கமுள்ள கொப்பி ஒன்றைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று கொள்வோம். பெரிய உறைகளைத் தபாற் கந்தோர் ஏற்பதில்லை. ஓர் உறைக்குள் ஒரு தாளே அடங்கும் என்றும் கொள்வோம். அவர் யாது செய்வார்? தாள்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் உறையில் இட்டு, பெறுவோர் முகவரி, அனுப்புவோர் முகவரி, வரிசை எண் ஆகிய மூன்றையும் உறையின் மீது எழுதுவார். சில உறைகள் மாங்குளம் வழியாகச் செல்லலாம். சில நெடுங்கேணி வழியாகச் செல்லலாம். பத்தாம் உறை மூன்றாம் உறைக்கு முன்னரே சென்று சேரலாம். கொழும்பில் உள்ளவர் எண்ணைப் பார்த்து அடுக்கி, கொப்பியை மீண்டும் உருவாக்குவார். பெற்றவற்றுக்கு அத்தாட்சி அனுப்புவார். அத்தாட்சி வராத உறையை ஆசிரியர் மறுபடியும் அனுப்புவார். கணினிகள் செய்வதும் இதுவேயாம். பெரும்பாலான வலையமைப்புகளில் ஒரு பொதி 1500 பைட் வரை கொள்ளும். இன்றைய யூனிகோட் முறையிற் கணக்கிட்டால், ஒரு பொதியில் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைந்த தமிழ் எழுத்துக் குறியீடுகள் அடங்கும். யான் இப்போது ஆற்றும் இப்பேச்சின் எழுத்துவடிவம் முழுவதையும் அனுப்புவதற்கு முப்பது அல்லது நாற்பது பொதிகள் போதுமானவை. என் தாயார் இட்ட எண்ணும், 'நாலாம் கடிதம் வரவில்லை' என்று நான் எழுதிய மறுமொழியும் எப்பணியைச் செய்தனவோ, அப்பணியையே பொதியின் வரிசை எண்ணும் அத்தாட்சியும் செய்கின்றன.

இனி, இப்பொதிகளுக்கு வழிகாட்டுவது எது? வலையமைப்பின் சந்திகள் தோறும் வழிச்செலுத்தி எனப்படும் கருவிகள் உள்ளன. மாங்குளம் சந்தியில் நிற்கும் ஒருவரிடம் காலிக்கு வழி கேட்டால், காலி வரையுள்ள ஒவ்வொரு திருப்பத்தையும் அவர் அறிந்திருக்க வேண்டுவதில்லை. 'தெற்கே வவுனியாவுக்குப் போங்கள், அங்கே கேளுங்கள்' என்றால் போதும். வழிச்செலுத்தியும் அவ்வாறே அடுத்த சந்தியை மட்டும் காட்டும். ஒரு வழி அடைபட்டால், அயலிலுள்ள வழிச்செலுத்திகள் அதனைத் தம்முள் அறிவித்து, வேறு வழியைக் கொள்ளும். வழி தவறிய பொதி என்றென்றும் சுற்றித் திரியாதிருக்க அதில் ஓர் எண் பதிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு சந்தியிலும் அவ்வெண் ஒன்று குறையும். பூச்சியமானதும் அப்பொதி கைவிடப்படும்.

இம்முறையில் அமைந்த முதற் பெரும் வலையமைப்பு, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சிப் பிரிவு நிறுவிய 'ஆர்ப்பாநெட்' ஆகும். அது அணுகுண்டுப் போரைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டது என்று பலர் கூறுவர். அஃது உண்மையன்று. பாரனின் ஆய்வுக்கு அந்நோக்கம் இருந்தது. ஆர்ப்பாநெட்டை அமைத்தோரின் நோக்கம், விலையுயர்ந்த சில கணினிகளைப் பல பல்கலைக்கழகங்கள் பகிர்ந்து பயன்படுத்தல் என்பதே. 1969 ஒக்டோபர் 29ஆம் நாள் இரவு, லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு 'லொகின்' என்னும் சொல் அனுப்பப்பட்டது. அச்சொல்லின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் சென்றடைந்ததும் மறுமுனைக் கணினி நின்றுவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின்னரே முழுச் சொல்லும் சென்றது. அவ்வாண்டின் இறுதியில் அவ்வலையமைப்பில் நான்கு நிலையங்கள் இருந்தன.

காலப்போக்கில் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு வலையமைப்புகள் தோன்றின. ஒன்றின் வழக்கம் மற்றொன்றுக்கு விளங்கவில்லை. இவ்விடத்தில் எங்கள் இரணைமடுக் குளத்தை எண்ணிப் பார்க்கிறேன். கனகராயன் ஆற்றின் நீர் அக்குளத்தில் தேங்கி, துருசுகளின் வழியே வாய்க்கால்களுக்குப் பாய்கிறது. குளக்கட்டும் துருசும் வாய்க்காலும் இருந்தால் மட்டும் வயல் விளைந்துவிடுமா? சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் நீர் திறப்பது, எவ்வாய்க்காலுக்கு எப்போது முறை என்பனவற்றைப் போகத்துக்கு முன்னர் கூட்டம் கூடிக் கமக்காரர் முடிவு செய்தல் வேண்டும். அம்முடிவுக்கு அனைவரும் கட்டுப்படுதல் வேண்டும். தலைமடைக்காரர் தாம் விரும்பியவாறு நீரை மறித்தால் கடைமடை வயல் காயும். கணினிகளுக்கும் அத்தகைய பொது இணக்கம் தேவைப்பட்டது. அதனை உடன்படுமுறை என்று கூறலாம்.

விண்டன் சேர்ப், ரொபேர்ட் கான் என்னும் இருவர் 1974இல் அத்தகைய உடன்படுமுறை ஒன்றை வெளியிட்டனர். உறையின் மீது எதனை எங்கே எழுதுவது, இழந்த பொதியை எவ்வாறு அறிவது, வழியில் நெரிசல் ஏற்பட்டால் எவ்வாறு வேகத்தைக் குறைப்பது என்பனபற்றிய விதிகள் அம்முறையில் வகுக்கப்பட்டு, பின்னர் விரித்துச் செம்மையாக்கப்பட்டன. 1983 ஜனவரி 1ஆம் நாள் ஆர்ப்பாநெட் முழுவதும் அம்முறைக்கு மாறிற்று. அந்நாளையே இணையத்தின் பிறந்தநாள் என்பர். வலையமைப்பு ஒவ்வொன்றும் தன் உள்வழக்கத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம். எல்லையைத் தாண்டும்போது மட்டும் பொதுமுறைக்கு உடன்பட்டால் போதும் என்பதே அவ்விருவரும் கண்ட வழி. உலகத்திலுள்ள எண்ணற்ற வலையமைப்புகள் ஒரு தலைவனின்றியே ஒன்றாக இயங்குவதற்கு அதுவே காரணமாயிற்று.

முகவரியைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். இணையத்தில் முகவரி என்பது ஓர் எண். 1983 முதல் வழங்கிய முறையில் ஏறத்தாழ 429 கோடி எண்களுக்கே இடமுண்டு. அவை போதாமையால் மிகப் பெரிய எண்தொகுதியுடைய புதிய முறையொன்றும் இப்போது வழக்கிலுள்ளது. எண்ணை நினைவில் வைத்திருத்தல் மனிதருக்கு அரிது. ஆதலால் 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் ஏற்பாட்டை வகுத்தார். நாம் பெயரை எழுதியதும், கணினி அதற்குரிய எண்ணை வேறொரு கணினியிடம் கேட்டு அறிந்துகொள்கிறது. 1990இல் இலங்கைக்குக் கிடைத்தது அத்தகைய பெயர்களின் ஈற்றுக்குறியே. 2010ஆம் ஆண்டில், தமிழ் எழுத்தால் அமைந்த 'இலங்கை' என்னும் ஈற்றுக்குறியும், அதனோடு சிங்கள எழுத்தால் அமைந்த குறியும் ஏற்கப்பட்டன. நம் எழுத்தே முகவரியாகும் நிலை அன்று பிறந்தது.

இதுவரை கூறியவற்றால், இணையம் அறுக்க முடியாதது என்ற எண்ணம் நேயர்களுக்கு எழலாம். அவ்வெண்ணத்தைத் திருத்தும் நிகழ்ச்சியொன்று நம் நாட்டிலேயே நடந்தது. இலங்கையில் 1995 முதல் இணைய சேவை பொதுமக்களுக்கும் கிடைக்கத் தொடங்கியது. 2004 ஓகஸ்ட் மாதத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு அண்மையிற் கப்பலொன்றின் நங்கூரம் கடலடி ஒளிநார் வடத்தைச் சேதப்படுத்திற்று. நாட்டின் இணையத் தொடர்பிற் பெரும்பகுதி உடனே நின்றது. பொதிகள் வேறு வழி தேடும் இயல்பின என்பது உண்மையே; ஆனால் வேறு வழி இருந்தாலன்றோ தேட இயலும்? 2005இல் கொழும்பை வந்தடைந்த மற்றொரு கடலடி வடமும், 2006இல் தூத்துக்குடியையும் கல்கிசையையும் இணைத்த வடமும் அக்குறையைப் பெரிதும் நீக்கின. பாரன் 1964இல் எழுதிய உண்மையை நாம் நாற்பது ஆண்டுகளின் பின்னர் ஒரு நங்கூரத்தினாற் கற்றோம்.

வன்னி அதனை இன்னும் முன்னரே கற்றிருந்தது. ஏ-9 பெருந்தெரு 2002இல் திறக்கப்பட்டது. 2006இல் மீண்டும் அடைபட்டது. 2009இற் போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்துக்கும் பெருநிலத்துக்குமிடையே ஆனையிறவுத் தெருவோடு பூநகரித் தெருவும் உறுதியான வழியாயிற்று. பேருந்திற் சென்று அப்பாலத்தை முதன்முறை கடந்தபோது, ஒரு பக்கம் அடைபட்டாலும் இனி மறுபக்கம் உண்டு என்ற எண்ணம் எனக்கு எழுந்தது. 2013இற் புகையிரதம் கிளிநொச்சியை அடைந்தது. 2014இல் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1990இல் எம்மை விட்டுச் சென்ற உலகம் இவ்வாறு ஒவ்வொரு வழியாக மீண்டு வந்தது.

ஆயினும் குறை முற்றும் தீர்ந்ததென்று கூறுவதற்கில்லை. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி வழியே பாடம் நடத்த முற்பட்டோம். நகரத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தவாறே பயின்றனர். என் மாணவர் சிலர், மக்கள் 'கவரேஜ்' என்று வழங்கும் அலைத்தொடர்பு கிடைக்கும் இடத்தைத் தேடிக் குளக்கட்டில் ஏறி அமர்ந்தனர். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி இருந்தது. மாலையில் மழை வந்தால் பாடம் நின்றது. அவர்களுள் ஒருத்தி தன் விடைத்தாளைப் படம் பிடித்து நான்கு பகுதிகளாக அனுப்பினாள். மூன்று மட்டுமே வந்தன. 'மகள், மூன்றாவது வரவில்லை' என்று அவளுக்கு எழுதியபோது, 1993இன் நினைவு எனக்கு வந்தது.

வலையமைப்பின் வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் இதுவே. கருவி எத்துணைச் சிறந்ததாயினும், ஓர் ஊரைச் சேரும் வழி ஒன்றேயாயின் அவ்வூரின் தொடர்பு நிலையற்றது. வழிகள் பலவாயினும் பொது இணக்கம் இல்லையாயின் அவற்றாற் பயனில்லை. இவ்விரண்டையும் ஊருக்கு ஊர் உறுதிசெய்தல் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உரிய கடமை. பெரிய பட்டினங்களுக்கு மூன்றாம் வழியும் நான்காம் வழியும் அமைப்பதற்கு முன்னர், கடைமடை ஊருக்கு இரண்டாம் வழி அமைத்தல் நீதியாகும் என்பது என் துணிபு.

எங்கள் கடமையும் ஒன்றுண்டு. பிள்ளைகள் கைத்தொலைபேசியைத் தட்டுவதற்குத் தாமே பழகிக்கொள்வர். அதனுள்ளே செய்தி எவ்வாறு செல்கிறது என்பதை நாமே கற்பித்தல் வேண்டும். இப்பாடத்தைத் தொடங்கும்போது நான் கணினியைக் காட்டுவதில்லை. ஒரு தாளைக் கொடுத்து, உங்கள் ஊரிலிருந்து வெளியே செல்லும் வழிகளையெல்லாம் வரையுங்கள் என்பேன். சிலர் நான்கு கோடு வரைவர். சிலர் இரண்டு வரைவர். ஒரே கோட்டை வரைந்துவிட்டுப் பென்சிலைக் கையிற் பிடித்தவாறு நிமிர்ந்து பார்க்கும் பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது இருப்பார். அப்பிள்ளையின் அருகிலிருந்தே பாடத்தைத் தொடங்குவேன்.